அகழியில் நிற்கும் காய்கள்

நான் உருவாக்கிவரும் முற்றுகை விளையாட்டில் நண்பர் எடுத்த முதல் முடிவே அதுதான். முற்றுகைக்கு உள்ளான கோட்டை அவருடையது. களஞ்சியத்தில் 12 அலகு தானியம். ஒரு சுற்றுக்குப் படைவீரர்களுக்கு ஓர் அலகு, ஊர்மக்களுக்கு ஓர் அலகு செலவாகும். அவர் விதித்தாளை மேலும் கீழும் ஒரு தரம் பார்த்தார். பத்து வினாடிகூட ஆகியிருக்காது. "ஊர்மக்களை வெளியே அனுப்பிடறேன்" என்றார். ஊர்மக்களைக் குறிக்கும் மூன்று வெள்ளைக் காய்களை நான் பலகையிலிருந்து எடுத்துப் பெட்டியில் போட்டேன். 6 சுற்றில் விழவேண்டிய கோட்டை 12 சுற்று தாங்கியது. அவர் ஜெயித்தார். அவரைவிட எனக்குத்தான் மகிழ்ச்சி. நான் எழுதிய விதி வேலை செய்கிறதே!

அன்றிரவு காய்களை வகைபிரித்து அடுக்கிக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. வெளியே அனுப்பினார், சரி. எங்கே அனுப்பினார்? கோட்டைக்கு வெளியே நிற்பது என் படை. நான் வரைந்த பலகையில் அதைத் தாண்டி வேறு இடமே கிடையாது. மூன்று காய்களும் போய்ச் சேர்ந்த இடம் ஒரு பிளாஸ்டிக் டப்பா.

நான் வார்கேம் ஆடுகிறவன். கொஞ்சகாலமாகச் சொந்தமாக ஒன்றை உருவாக்கியும் பார்க்கிறேன். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: ஒரு வரைபடம், அதன்மேல் பெரும்பாலும் அறுகோணக் கட்டங்கள், படைப்பிரிவுகளைக் குறிக்கும் சின்னச் சின்ன அட்டைக் காய்கள், பகடை, அப்புறம் சில சமயம் நூறு பக்கத்தைத் தொடும் விதிப்புத்தகம். சதுரங்கத்துக்குத் தூரத்துச் சொந்தம். ஆனால் சதுரங்கம் எந்தப் போரைப் பற்றியும் எதையும் சொல்ல வருவதில்லை. வார்கேம் சொல்கிறது. அதன் ஒவ்வொரு விதியும் 'இப்படிச் செய்தால் இப்படி ஆகும், அன்று அப்படித்தான் ஆனது' என்ற ஒரு கூற்று. என் விதி சொன்ன கூற்று என்ன? துரத்தப்பட்ட மக்கள் காணாமல் போய்விடுவார்கள் என்பது.

அந்த விதியை நான் கற்பனையில் பிடித்துவிடவில்லை. முற்றுகைகளைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். திரும்பத் திரும்ப அது வந்தது. கி.மு. 52ல், இன்றைய பிரான்ஸில் இருந்த அலேசியாவில், கால் (Gaul) இனத்துப் படையினரை ரோமானியத் தளபதி சீசர் வளைத்தபோது, உள்ளே தானியம் குறைந்தது. மண்டூபி என்ற இனக்குழுவின் ஊர் அது. போராட வந்த வீரர்கள், தங்களை ஊருக்குள் ஏற்றுக்கொண்ட அந்த மண்டூபி மக்களையே, பெண்டு பிள்ளைகளோடு வெளியேற்றினார்கள். அவர்கள் ரோமானிய அரண்வரிசைக்கு வந்து, எங்களை அடிமைகளாகவாவது எடுத்துக்கொண்டு சோறு போடுங்கள் என்று அழுதார்கள். சீசர் காவல் போட்டு, யாரையும் சேர்க்கக்கூடாது என்று உத்தரவிட்டார். இதை எழுதி வைத்திருப்பவரும் சீசர்தான். எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார். அந்த மக்கள் என்ன ஆனார்கள் என்று அவர் சொல்வதில்லை. பெட்டியில் போட்டு மூடியது நான் மட்டும் இல்லை.

1203-04 குளிர்காலத்தில் நார்மண்டியின் ஷட்டோ கையார் கோட்டையிலும் இதே கதை. கோட்டைத் தலைவர் ரோஜர் டி லேசி, உள்ளே அடைக்கலம் புகுந்திருந்த ஊர்க்காரர்களைத் தொகுதி தொகுதியாக வெளியே விட்டார். முதலில் வந்தவர்களைப் பிரெஞ்சுப் படையினர் இரக்கப்பட்டுப் போகவிட்டார்கள். செய்தி மன்னர் இரண்டாம் பிலிப்புக்கு எட்டியது. வாய்கள் குறைந்தால் கோட்டை கூடுதல் நாள் தாங்கும், ஆகவே இனி ஒருவரையும் விடாதே என்றார். அடுத்து வந்தவர்களுக்கு முன்னால் அம்பு, பின்னால் சாத்திய கதவு. நடுவில் பனி. நெடுநாள் கழித்து அவரே மனமிரங்கி மிஞ்சியவர்களைப் போகவிட்டார்.

1418ல் பிரான்ஸின் ருவான் நகரை இங்கிலாந்து மன்னர் ஐந்தாம் ஹென்றி முற்றுகையிட்டபோதும் ஆயிரக்கணக்கான ஏழைகள் இப்படித்தான் நகர அகழிக்குள் மாட்டிக்கொண்டார்கள். கிறிஸ்துமஸ் அன்று மட்டும் அவர்களுக்கு உணவு கொடுத்தார்கள். அகழியில் பிறந்த குழந்தைகளைக் கூடையில் வைத்து மதில்மேல் இழுத்து, ஞானஸ்நானம் கொடுத்து, மறுபடி கூடையிலேயே தாய்மாரிடம் இறக்கி விட்டார்கள் என்கின்றன பழைய குறிப்புகள். இதைப் படித்த அன்று வேறெதுவும் படிக்கவில்லை. ஆன்மா உள்ளே வரலாம், உடம்புக்குத்தான் அனுமதியில்லை.

இத்தனையும் தெரிந்தே விதியை எழுதினேன். எழுதியது இவ்வளவுதான்: "வெளியேற்று: ஊர்மக்கள் காய்களை அகற்றவும். தானியச் செலவு பாதியாகும்."

அப்படியானால் அந்த விதியையே அடித்துவிட்டால் என்ன? சிலர் அதைத்தான் சொன்னார்கள். பொழுதுபோக்குக்கு ஆடுவதில் எதற்கு இந்தக் கொடுமையெல்லாம் என்று. எனக்கு அதில் உடன்பாடில்லை, காரணம் இந்தப் பொழுதுபோக்கின் பிறப்பிலேயே இருக்கிறது. 1824ல் ரைஸ்விட்ஸ் என்ற இளம் அதிகாரி பிரஷ்யப் படைக்குச் செய்துகொடுத்த கிரீக்ஸ்ஷ்பீல்தான் இன்றைய வார்கேம்களின் தாத்தா. உண்மையான நிலப்படம், இழப்புகளைக் கணக்கிட அட்டவணை, பகடை, நடுவர் எல்லாம் அதிலேயே வந்துவிட்டன. நிலப்படத்தில் கிராமங்களும் இருந்தன, படை மறைந்து நிற்க. கிராமத்தார் இல்லை. அதிகாரிகளைப் பயிற்றுவிக்க வந்த கருவியில் அது வியப்பில்லை. ஆனால் இருநூறு வருஷம் கழித்து, பயிற்சி எதுவும் தேவைப்படாத நாமும் அதே படத்தைத்தான் விரிக்கிறோம்.

இரண்டாம் உலகப்போரின் கிழக்கு முனையை எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் பற்றி வந்த வார்கேம்கள் எண்ணி மாளாது. சேறு, பனி, எரிபொருள், ரயில்பாதையின் அகலம் வரை விதி உண்டு. ஹிட்லரின் நாஜிக் கட்சிப் படையான எஸ்.எஸ். பிரிவுகளுக்குப் பல விளையாட்டுகளில் தனியாகக் கறுப்புக் காய், அதில் மற்றவர்களைவிடக் கூடுதல் வலிமை எண். பார்க்க மிடுக்காக இருக்கும், மறைப்பானேன், நானும் ரசித்திருக்கிறேன். படைக்குப் பின்னாலேயே போய் லட்சக்கணக்கான யூதர்களைச் சுட்டுக்கொன்ற பிரிவுகளுக்குக் காய் இல்லை. சுற்றிவளைக்கப்பட்ட சோவியத் படைப்பிரிவு பலகையிலிருந்து அகற்றப்படும், அதோடு முடிந்தது. நிஜத்தில் அப்படிப் பிடிபட்டவர்களில் சுமார் 30 லட்சம் பேர் ஜெர்மானியச் சிறைமுகாம்களில் பட்டினியாலும் நோயாலும் கொலையாலும் செத்தார்கள். 'அகற்றப்படும்' என்ற சொல்லுக்குள் இவ்வளவு இருக்கிறது. கொடுமையை விலக்கிய விளையாட்டு சுத்தமான விளையாட்டு என்று நாம் நினைக்கிறோம். அது சுத்தமான போர் ஒன்று நடந்ததாகச் சொல்கிறது. அதுவும் ஒரு கூற்றுதான், பொய்க்கூற்று.

விளையாடினால் மனிதர்கள் கொடூரர்களாக மாறுவார்கள் என்ற பயம் எனக்கில்லை. என் நண்பர் எறும்பை மிதிக்காமல் நடப்பவர். அவர் அன்று செய்தது கணக்கு, கணக்கு சரியாக விழும்போது வருகிற சந்தோஷத்துக்காகத்தான் நாங்கள் எல்லோருமே மேசையைச் சுற்றி உட்காருகிறோம். என்னை உறுத்தியது, அந்தச் சந்தோஷத்துக்குக் குறுக்கே ஒரு துரும்புகூட வராதபடி நான் விதி எழுதியிருந்ததுதான்.

முதல் திருத்தம் எல்லோருக்கும் தோன்றுவதுதான். வெளியேற்றினால் வெற்றிப் புள்ளியில் 3 குறையும் என்று போட்டேன். அடுத்த ஆட்டத்தில் வேறொருவர் கோட்டைக்குள். ஒரு சுற்று பொறுத்தார். பிறகு விரல்விட்டு எண்ணினார். "மூணு போனாலும் ஒரு சுற்றுக்கு ஒரு புள்ளி வருது, அஞ்சு சுற்று கூடுதலா நின்னா ரெண்டு லாபம்." வெளியேற்றினார். அவர்மேல் தப்பே இல்லை. பாவத்துக்கு நான் விலைச்சீட்டு ஒட்டிவைத்தேன், அவர் விலை படியுமா என்று பார்த்து வாங்கினார். 3 என்பதை 10 ஆக்கினால் யாரும் வாங்கமாட்டார்கள். அப்போது அலேசியாவிலும் ருவானிலும் ஏன் வாங்கினார்கள் என்பது புரியாமல் போய்விடும். எந்த எண்ணைப் போட்டாலும் தப்பாக இருந்தது. போடுவதே தப்பு என்று புரிய எனக்கு நாலைந்து ஆட்டம் தேவைப்பட்டது.

நல்ல வடிவமைப்பாளர்கள் இதை எப்படிச் சமாளித்திருக்கிறார்கள் என்று பார்க்கப் போனேன். வியட்நாம் போரைப் பற்றி 2014ல் வந்த 'ஃபயர் இன் த லேக்'கில் அமெரிக்கத் தரப்பு விமானத் தாக்குதல் நடத்தலாம். கண்ணுக்குத் தெரியும் கெரில்லாக் காய்களை மளமளவென்று எடுத்துவிடும். ஆனால் குண்டு விழுந்த மாகாணத்து மக்களின் ஆதரவு எதிர்ப்பக்கம் சரியும். இது அபராதப் புள்ளி இல்லை. அங்கே மனிதர்கள் வாழ்கிறார்கள், அவர்களுக்கு ஒரு மனம் இருக்கிறது என்று பலகை சொல்கிறது. 1985ல் வந்த 'அட்வான்ஸ்டு ஸ்குவாட் லீடர்' பயமுறுத்தும் தடிமன் கொண்ட விதிப்புத்தகத்துக்குப் பேர்போனது. அதில் சரணடைய வருபவர்களை ஏற்க மறுக்கலாம். மறுத்தால் அதற்கப்புறம் எதிரி வீரர்கள் அப்படிச் சரணடைய வருவதையே நிறுத்திவிடுவார்கள். சேதி பரவிவிட்டது என்று அர்த்தம். பனிப்போரைப் பற்றிய 'ட்வைலைட் ஸ்ட்ரகில்' (2005) இன்னும் ஒரு படி மேல். உங்கள் முறையின்போது அணு ஆயுதப்போர் மூண்டுவிட்டால் நீங்கள் தோற்றீர்கள், அவ்வளவுதான். புள்ளிக்கணக்கைப் பார்க்கவே வேண்டாம்.

மூன்றும் எனக்குப் பிடிக்கும். ஆனாலும் ஒரு சங்கடம் மிஞ்சியது. இவற்றையெல்லாம் ஆடி ஆடி, கொடுமை கடைசியில் செய்தவனைத்தான் சுடும் என்று ஒரு நம்பிக்கை மனதில் படிந்துவிடுகிறது. கெரில்லாப் போர்களில் அது பல நேரம் உண்மையாக இருக்கலாம். முற்றுகைகளில் அப்படி இல்லையே. அலேசியா விழுந்தது, ஷட்டோ கையார் விழுந்தது, ருவான் 1419 ஜனவரியில் விழுந்தது. வாசலை அடைத்து நின்றவர்கள் ஜெயித்தார்கள். கொடுமைக்கு எப்போதும் பலன் கிடைக்காது என்று விதி எழுதினால் எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வரும். வரலாற்றுக்கு அது நியாயம் இல்லை. தவிர, பலன் தராததால்தான் அது தவறு என்று ஆகிவிடும். பலன் தந்தால்?

சொற்களும் ஒரு தொல்லை. அல்ஜீரியப் போரைப் பற்றிய 'கலோனியல் ட்வைலைட்'டில் பிரெஞ்சுத் தரப்புக்கு 'நியூட்ரலைஸ்' (செயலிழக்கச் செய்) என்று ஒரு நடவடிக்கை இருக்கிறது. அந்தப் போரில் சித்திரவதை எவ்வளவு பரவலாக நடந்தது என்று படித்தவர்களுக்கு அந்தச் சொல்லின் அடியில் என்ன இருக்கிறது என்று தெரியும். படிக்காதவர்களுக்கு அது ஒரு பொத்தான். படைகள் தாங்களே இப்படித்தான் பேசின, அதையே வடிவமைப்பாளர் எடுத்து நம் வாயில் வைக்கிறார் என்றும் வாதாடலாம். அந்த வாதத்தில் பசை இருக்கிறது. ஆனால் நான் 'வெளியேற்று' என்று எழுதியபோது அப்படி எந்த உள்நோக்கமும் எனக்கில்லை. சுருக்கமாக இருக்கிறதே என்றுதான் எழுதினேன்.

இந்த விவாதம் எங்கே எழுந்தாலும் யாராவது ஒருவர் 'ட்ரெயின்' பற்றிச் சொல்வார். பிரெண்டா ரொமேரோ 2009ல் உருவாக்கியது, கடையில் வாங்கும் பொருள் அல்ல, காட்சிக்கு வைத்த ஒற்றைப் பிரதி. மஞ்சள் மனிதப் பொம்மைகளை ரயில்பெட்டிகளில் நெருக்கி ஏற்றி, தடைகளைத் தாண்டி, சேருமிடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். சேர்ந்ததும் ஒரு சீட்டைத் திருப்பினால் ஊரின் பெயர் தெரியும்: ஆஷ்விட்ஸ், நாஜிகள் யூதர்களைக் கொன்று குவித்த முகாம். ஆடியவர்களில் சிலர் அழுதிருக்கிறார்கள். பாதியிலேயே புரிந்துகொண்டு வண்டியை ஓடவிடாமல் செய்ய முயன்றவர்களும் உண்டு. மகத்தான வேலைதான். ஆனால் என் தேவைக்கு அது வழிகாட்டவில்லை. அங்கே ஆடுகிறவருக்கு விஷயம் மறைக்கப்படுகிறது. என் மேசையில் உட்காருகிறவருக்கு எல்லாம் தெரியும். கோட்டை தெரியும், மக்கள் தெரியும், வெளியே படை நிற்பது தெரியும். தெரிந்துகொண்டே பத்து வினாடியில் செய்கிறார். அந்தப் பத்து வினாடிதான் என் பிரச்சினை.

சரி, சட்டத்தைத் துணைக்கு அழைக்கலாமே என்று ஒரு கட்டத்தில் தோன்றியது. போர்க்குற்றம் என்று எழுதிவிட்டால் முடிந்ததே. தேடிப்பார்த்தபோது காலடியில் இருந்த பலகையும் நழுவியது. சோவியத் நகரமான லெனின்கிராடை ஜெர்மானியர் வளைத்த முற்றுகை 872 நாள் நீடித்தது. 1941 நவம்பர், டிசம்பரில் உழைப்பாளிகள் அல்லாத பெரும்பாலோருக்கு ஒரு நாளைக்கு 125 கிராம் ரொட்டி. ஜெர்மானியத் தளபதி வான் லீப், நகரத்திலிருந்து தப்பி வரும் மக்களைப் பீரங்கியால் சுட்டு உள்ளேயே திருப்பி அனுப்பச் சொன்ன விவகாரம் 1948ல் நியூரம்பெர்க்கில் அமெரிக்க நீதிபதிகள் முன்னால் வந்தது. சட்டம் வேறு மாதிரி இருந்திருக்கக்கூடாதா என்று ஏங்கிவிட்டு, இருக்கிற சட்டப்படி அது குற்றமல்ல என்று தீர்ப்பு எழுதினார்கள். ஷட்டோ கையாரில் பிலிப் போட்ட கணக்கு ஏழு நூற்றாண்டு கழித்தும் செல்லுபடியானது. மக்களைப் பட்டினி போடுவதை ஒரு போர்முறையாகக் கையாளக்கூடாது என்று ஜெனீவா உடன்படிக்கைகளின் கூடுதல் நெறிமுறை தெளிவாகத் தடை செய்தது 1977ல்தான். என் விளையாட்டு நடப்பதோ சட்டத்துக்கு எத்தனையோ நூற்றாண்டு முன்னால்.

இதற்கிடையே இன்னொன்று நடந்தது. ஒருநாள் புதிதாக ஒருவர் வந்திருந்தார். விதிகளை நான் விளக்கிக்கொண்டே போனேன், வழக்கமான உற்சாகத்தோடு. 'வெளியேற்று' வந்ததும் அவர், "நான் பார்த்துக்கிட்டு இருக்கேன், நீங்க ஆடுங்க" என்று நாற்காலியைச் சற்றுப் பின்னால் தள்ளிக்கொண்டார். நான் ஏன் என்று கேட்கவில்லை. இப்போது யோசித்தால் கேட்காததைவிட, முன்கூட்டியே சொல்லாததுதான் தவறு. மேசையில் எது வரப்போகிறது என்று தொடங்கும் முன்பே சொல்லி, வேண்டாதவர் கூச்சப்படாமல் விலக இடம் விடுவதற்கு ஒரு நிமிஷம் ஆகுமா? இதில் பெரிய தத்துவம் ஒன்றுமில்லை, மரியாதைதான்.

வழி கடைசியில் நான் எதிர்பார்க்காத பக்கத்திலிருந்து வந்தது. புறநானூற்றின் 44ஆம் பாட்டு. ஆவூர்க் கோட்டையை நலங்கிள்ளி தரப்பு வளைத்து நிற்கிறது. நெடுங்கிள்ளி கதவை அடைத்துக்கொண்டு உள்ளே இருக்கிறான். கோவூர்கிழார் அவனிடம் பேசுகிறார். எத்தனை வீரர், எத்தனை நாள் தாங்கும் என்றெல்லாம் அவர் கணக்குச் சொல்வதில்லை. குளத்துக்குப் போகமுடியாத, கவளம் கிடைக்காத யானை தறியில் மோதி, துதிக்கை மண்ணில் புரள, இடிபோல் பிளிறுகிறது என்கிறார். பாலில்லாமல் குழந்தைகள் அலறுகின்றன. பெண்கள் பூவில்லாத தலையை முடிகிறார்கள். தண்ணீர் இல்லாத வீடுகளிலிருந்து ஓலம் கேட்கிறது. இதற்கு நடுவில் நீ இனிதாக இருக்கிறாயே என்கிறார். அறத்தை நினைப்பவனானால் 'கோட்டை உன்னுடையது' என்று சொல்லித் திற, மறத்தை நினைப்பவனானால் போரிடத் திற. இரண்டும் இல்லாமல் மூடிக்கொண்டு ஒடுங்கியிருப்பது நாணவேண்டியது.

பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். அன்று அது அறிவுரைப் பாட்டாகத் தெரிந்தது. இப்போது வடிவமைப்புக் குறிப்பாகத் தெரிந்தது. கோவூர்கிழார் மன்னனுக்குப் புள்ளி எதையும் குறைக்கவில்லை. இதைச் செய்தால் தோற்பாய் என்று பயமுறுத்தவும் இல்லை. காதில் விழாதது போல் இருக்கிறாயே, கேள் என்கிறார். அவ்வளவே.

அபராதப் புள்ளிகளை அடித்துவிட்டேன். 'வெளியேற்று' விதி அப்படியே இருக்கட்டும், தானியச் செலவு பாதியாகட்டும். ஒரே மாற்றம், வெள்ளைக் காய்கள் பெட்டிக்குப் போகாது. மதிலுக்கும் முற்றுகைப் படைக்கும் நடுவே ஒரு விரலகலப் பட்டையாக அகழி வரைந்து அங்கே நிறுத்தினேன். ஒவ்வொரு சுற்றிலும் முற்றுகையிடுபவர் இரண்டில் ஒன்றை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: "விடுகிறேன்" அல்லது "விடமாட்டேன்". விட்டால் காய்கள் போய்விடும், அதனால் அவருக்கு ஒரு பயனும் இல்லை. விடமாட்டேன் என்றால் உள்ளே இருப்பவர் ஒரு சுற்றுக்கு ஒருமுறை கதவைத் திறந்து அவர்களைத் திரும்ப ஏற்கலாம். ஏற்றால் தானியம் பழையபடி கரையும். மூன்று சுற்றுக்கு ஒரு முறை ஒரு காய் கவிழ்க்கப்படும். கவிழ்ந்த காயும் அங்கேயே கிடக்கும். கொடுமையாக ஆடினால்தான் இந்த விளையாட்டில் இன்னமும் லாபம். அதை மாற்ற எனக்கு மனமில்லை.

அதே நண்பரைக் கூப்பிட்டேன். இந்தமுறை முற்றுகைப் படை என்னுடையது. அவர் நான்காவது சுற்றில் வெளியேற்றினார். நான் "விடமாட்டேன்" என்றேன், கொஞ்சம் நாடகத்தனமாக. அவர் சிரித்தார். ஐந்தாவது சுற்றில் மறுபடி சொன்னேன். ஆறாவது சுற்று முடிவில் முதல் காய் கவிழ்ந்தது. ஏழாவதில் அவர் கதவைத் திறக்கலாமா என்று தானியத்தை எண்ணிப்பார்த்தார். திறக்கவில்லை. எட்டாவது சுற்றில் நான் வாயைத் திறப்பதற்குள் பகடையை என் பக்கம் நகர்த்தினார்.

"சொல்ல வேண்டாம், அதான் தெரியுதே. போடுங்க."

"விதிப்படி சொல்லித்தான் ஆகணும்" என்றேன்.

அவர் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னேன்.